மந்தம் என்னும் தீர்ப்பு

மனிதன் தன் வாழ்நாளில் எண்ணற்ற தீர்ப்புகளை வழங்குகின்றான். நீதிமன்றத்தில் வழங்கப்படும் தீர்ப்புக்குச் சாட்சி உண்டு, விசாரணை உண்டு, மேல்முறையீடும் உண்டு. ஆனால் வீட்டிலும் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் நாம் நாள்தோறும் வழங்கும் தீர்ப்புகளுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அத்தகைய தீர்ப்புகளுள் மிக எளிதாக நம் நாவில் எழுவது 'மந்தம்' என்னும் சொல். ஒன்று மெதுவாக இயங்கினால் குற்றம் அதனுடையதுதானா? அவ்வாறு தீர்ப்பளிக்குமுன் நாம் ஆற்றவேண்டிய கடமை ஏதேனும் உண்டா? இவ்வினாக்களை என் உள்ளத்தில் எழுப்பியது ஒரு பழைய மடிக்கணினி என்றால் அன்பர்கள் வியக்கக்கூடும்.

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு நிறைவுற்றது. அதனைப் பயன்படுத்திவந்த பலரும் அடுத்த இயங்குதளத்துக்கு மாறலாயினர். பாதுகாப்புத் திருத்தங்கள் வாராத கணினியில் மாணவர்தம் விவரங்களை வைத்திருப்பது முறையன்று என்று கருதி, நானும் அவ்வாண்டிறுதி விடுமுறையில் என் மடிக்கணினியை மேம்படுத்தினேன். ஏழாண்டுகள் எனக்கு உழைத்த கருவி அது. என் வினாத்தாள்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்புகள், மாணவர்க்காக எழுதிய நாடகங்கள் எல்லாம் அதனுள்ளேயே இருந்தன.

மேம்பாடு முடிந்த மறுநாள் அக்கருவி ஆமையாயிற்று. விசையை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வந்தாலும் திரை முழுமையாக விழித்திருக்காது. ஒரு கடிதத்தைத் திறப்பதற்குள் எழுத நினைத்த வரி மறந்துபோகும். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள், "இதற்கு வயதாகிவிட்டது, இனிப் பயனில்லை" என்று தீர்ப்பளித்துவிட்டேன். புதியது வாங்கும் எண்ணத்தோடு பட்டணத்திலுள்ள கடையொன்றுக்குச் சென்றேன்.

கடையிலிருந்த இளைஞர் எனக்குப் புதிய கணினி எதனையும் காட்டவில்லை. "ஐயா, இஃது எந்நாள் முதல் இப்படி இருக்கிறது? தொடங்கும்போது மட்டுமா, எந்நேரமுமா? எந்த வேலையின்போது மிகவும் தாமதமாகிறது?" என்று வினவினார். விடையளிக்க முடியாமல் நின்றேன். மூன்று நாளும் அதன்மேல் சினந்ததன்றி, ஒருமுறையேனும் அதனைக் கூர்ந்து நோக்கினேனல்லேன்.

அவர் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பகுதியைத் திறந்து காட்டினார். கணினி அந்நேரம் என்னென்ன பணிகளைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பதனை அது வரிசையாகக் காட்டும். நான் எந்த வேலையையும் கொடுக்காத நிலையிலும் வன்தட்டு நூறு விழுக்காடு உழைத்துக்கொண்டிருந்தது! சோம்பிக் கிடக்கிறது என்று நான் எண்ணிய கருவி, உண்மையில் மூச்சுவிட நேரமின்றி ஓடிக்கொண்டிருந்தது.

பின்னர் அவர் ஒவ்வொரு காரணமாக எடுத்துரைத்தார். இயங்குதளம் மாறியதும் கணினி தன்னிடமுள்ள கோப்புகளையெல்லாம் மீண்டும் படித்துத் தேடற்குறிப்பு உருவாக்குகிறது. விடுபட்ட திருத்தங்களைப் பின்னணியில் இறக்கிக்கொள்கிறது. மின்னிணைப்போடு ஓரிரவு விட்டுவைத்தால் இவை தாமே பெரும்பாலும் முடிந்துவிடும். நானோ பொறுமையிழந்து ஒவ்வொரு முறையும் இடையிலேயே அணைத்துவிட்டேன். பழைய இயங்குதளத்தின் படி ஒன்றும் வன்தட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பழைய நிலைக்குத் திரும்ப விரும்புவோர்க்காகப் பத்து நாள் அது காக்கப்படுகிறதாம். திரும்புவதில்லை என்று உறுதிசெய்த பின்னரே அதனை நீக்கவேண்டும் என்று எச்சரித்தார்.

அடுத்து, கணினி விழித்தெழும்போதே உடன் எழும் நிரல்களின் பட்டியலைக் காட்டினார். அச்சுப்பொறிக்கு ஒன்று, உரையாடலுக்கு இரண்டு, கோப்புகளைச் சேமிக்க ஒன்று, நச்சுநிரல் தடுக்க இரண்டு என அவை நீண்டன. எல்லாம் ஏழாண்டுகளில் நானே ஏற்றியவை. ஏற்றிய நாளில் தேவை இருந்தது. தேவை தீர்ந்தபின் இறக்கி வைக்கவேண்டும் என்னும் எண்ணம் எனக்கு எழவில்லை.

இறுதியாக நினைவகத்தைப் பார்த்தார். அது 4 கிகாபைட். விண்டோஸ் 11 இயங்குதளத்துக்குக் குறைந்த அளவாக அறிவிக்கப்பட்டிருப்பதும் அதுவே. ஆனால் உயிர்வாழப் போதுமான உணவு வேறு; உழைப்பதற்குப் போதுமான உணவு வேறு. நினைவகம் நிரம்பியதும் கணினி மிஞ்சியவற்றை வன்தட்டில் வைத்துவைத்து எடுக்கிறது. சுழலும் பழைய வன்தட்டோ அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாதது. போதாக்குறைக்குக் காற்றுத் துளைகளில் தூசி அடைத்திருந்தது. வெப்பம் மிகுந்தால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்றார். எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ளவே அது மெதுவாகிறது.

தூசி நீங்கியது, வேண்டாத நிரல்கள் நின்றன, நினைவகம் இரட்டிப்பாயிற்று, சுழலும் தட்டுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. பொருத்தப்பட்டது. புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பகுதியே செலவாயிற்று. இக்கட்டுரையும் அதில்தான் எழுதப்படுகிறது.

இஃது ஒரு கருவி பழுது நீங்கிய கதையாக மட்டும் இருந்திருந்தால் இங்கு எழுத வேண்டியதில்லை. அன்றிரவு என்னை உறங்கவிடாதது வேறொரு நினைவு.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து, தோட்டப் பள்ளியொன்றில் பணியேற்ற முதலாண்டு அது. மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். நாள்தோறும் தாமதமாக வருவான். பாடம் நடத்தும்போது கண்கள் செருகும். வினவினால் விடை வர நெடுநேரமாகும், சிலவேளை வாராது. 'குறைநீக்கல் போதனை' பற்றித் தேர்வில் பல பக்கங்கள் எழுதி உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்த நான், ஆண்டிறுதியில் அவனுடைய பதிவேட்டில் 'மந்தமான மாணவன்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அடுத்த ஆண்டு அவனை ஏற்ற மூத்த ஆசிரியை ஒருவர், ஒரு மாலையில் அவனுடைய லயத்து வீட்டுக்கு நடந்து சென்றார். தாயும் தந்தையும் விடியுமுன்னரே பால்மரம் வெட்டச் சென்றுவிடுவர். தம்பி தங்கையரை எழுப்பி, குளிப்பாட்டி, கைக்குழந்தையை ஆயக்கொட்டகையில் ஒப்படைத்துவிட்டு, அதன்பின் இவன் பள்ளிக்கு ஓடிவருகிறான் என்பதை அவர் கண்டறிந்தார். காலையில் அவனுக்குச் சிற்றுணவும் சிறிது ஓய்வும் கொடுத்த பின்னரே பாடத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு முடியுமுன் அவன் தடையின்றி வாசிக்கக் கற்றுக்கொண்டான்.

என் வகுப்பில் அமர்ந்திருந்தபோதும் அவன் சும்மா இருந்தவனல்லன். கைக்குழந்தை அழுகிறதோ, தம்பி எங்கே போனானோ என்னும் கவலைகள் அவனுள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒன்பது வயதுச் சிறுவனின் சுமையைக் காணாமல் அவனுடைய வேகத்தை மட்டும் நான் அளந்தேன். ஒரு கடைக்காரர் ஒரு கருவியிடம் கேட்ட மூன்று கேள்விகளை, ஓர் ஆசிரியன் ஒரு குழந்தையிடம் கேட்கவில்லை. அவ்வாசிரியை உண்மையை என்னிடம் கூறிய பின்னரும், பதிவேட்டில் என் கையெழுத்தைத் திருத்த நான் முன்வரவில்லை. இளமையின் செருக்கு தடுத்தது.

'மந்தம்' என்னும் தீர்ப்பு நமக்கு ஏன் இவ்வளவு இனிக்கிறது? அது நம் உழைப்பை முடித்துவைக்கிறது என்பதே காரணம். 'ஏன்' என்று கேட்டால் தேடவேண்டும். தேடினால் காரணங்களுள் ஒன்றாக நாமே அகப்படக்கூடும். தீர்ப்போ குற்றம் முழுவதையும் எதிரில் இருப்பதன்மேல் சுமத்திவிட்டு நம்மை விடுவிக்கிறது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', மருத்துவன் முதலில் நோயையும், பின் அதன் காரணத்தையும், அதன்பின் அதனைத் தணிக்கும் வழியையும் ஆராயவேண்டும் என்று வகுத்துரைக்கிறது. நாம் அவ்வொழுங்கில் முதற்படியிலேயே நின்று, நோயின் பெயரைச் சொல்லிவிட்டதையே மருத்துவம் என்று மயங்குகின்றோம்.

மெதுவாவோரின் சுமையைக் காண்பது ஒருபுறம் இருக்க, சுமையை ஏற்றுவோர்க்கும் கடமை உண்டு. பாஸ்கல் மொழியை உருவாக்கிய சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் நிக்லாஸ் விர்த், 1995ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் இதனைச் சுட்டினார். வன்பொருள் விரைவடைவதனினும் வேகமாக மென்பொருள் மெதுவாகிவருகிறது என்பது அவர்தம் கவலை. வலிமை பெருகப் பெருகச் சுமையையும் பெருக்கிக்கொண்டே போவது மனித இயல்பு. அளவறிதல் என்னும் அறம் பொறியியலுக்கும் வேண்டும்.

உண்மையுரைத்தல் என்னும் அறமும் வேண்டும். பழைய மின்கலம் கொண்ட ஐபோன்கள் திடீரென அணைந்துபோகாமலிருக்க, அவற்றின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டை ஆப்பிள் நிறுவனம் 2017ஆம் ஆண்டு ஒரு மேம்பாட்டின்வழிச் செய்தது. நோக்கம் குறைகூறத்தக்கதன்று. எனினும் பயனர்க்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. தம் தொலைபேசிக்கு வயதாகிவிட்டதாகவே பலர் எண்ணினர். அவ்வாண்டு டிசம்பரில் உண்மை வெளிவந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பயனர்க்குத் தெரிவிக்காமைக்காகப் பிரான்சு 2020ஆம் ஆண்டு 2 கோடியே 50 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. மெதுவாக்கியதைவிட, அதனை மறைத்ததே பெரும்பிழையாயிற்று.

ஆசிரியர்களாகிய நாமும் மேம்பாடுகளைக் கண்டவர்கள். 1983இல் கே.பி.எஸ்.ஆர். வந்தது, 2011இல் கே.எஸ்.எஸ்.ஆர். வந்தது, 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அனுபவம் மிக்க ஆசிரியர் சிலர் தடுமாறினர். பழைய முறையில் ஒளிவிட்டவர்கள் புதிய பதிவுகளுக்கும் படிவங்களுக்கும் இடையே மெதுவாயினர். அவர்களை 'காலத்துக்கு ஒவ்வாதவர்' என்றோம். பின்னணியில் அவர்கள் எத்தனை ஆண்டுப் பழக்கத்தை மீண்டும் அடுக்கிக்கொண்டிருந்தனர் என்பதை எண்ணினோமா? அவர்களுக்கு அந்த 'ஓரிரவு' கிடைத்ததா?

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ஒவ்வொரு மெதுவுக்கும் காரணம் தேடிக்கொண்டிருந்தால் வேலை எப்போது நடப்பது? முப்பது மாணவர் உள்ள வகுப்பில் மணியடித்தால் அடுத்த பாடம் தொடங்கியாக வேண்டுமே! எல்லாப் பழுதும் தீரக்கூடியதும் அன்றே! இம்மறுப்பில் உண்மை உண்டு. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு இல்லாத கணினிகள் விண்டோஸ் 11 இயங்குதளத்துக்கு முறைப்படி ஏற்கப்படுவதில்லை. அவற்றை நோக்கி, 'முயன்றால் முடியும்' என்பது வெறும் ஆரவாரம். காரணம் தேடுவது என்பது எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது அன்று. எது இயலும், எது இயலாது என்பதை அறிந்து, அதற்கேற்ற பணியைக் கொடுப்பதே அதன் பயன். புதிய இயங்குதளத்தைத் தாங்காத கணினியில் எளிய லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவி எழுத்துப்பணிக்குப் பயன்படுத்துவோர் உண்டு.

ஆராயாமல் வீசியெறிவதன் விளைவையும் நாம் காண்கின்றோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்கழிவு குவிந்தது என்றும், அதில் கால்பங்குக்கும் குறைவாகவே முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும் ஐக்கிய நாட்டு நிறுவனங்களின் அறிக்கை கூறுகிறது.

ஆயினும் கருவியையும் குழந்தையையும் ஒரே தட்டில் வைத்துவிடலாகாது. கருவி நம் பயனுக்காக உண்டாக்கப்பட்டது. ஆராய்ந்தபின் அது பயன்படாதென்று தெளிந்தால் விலக்கலாம். அதனால் அதற்கு நோவில்லை. குழந்தை பிறர் பயனுக்காகப் பிறந்ததன்று. எத்துணை ஆராய்ந்தாலும் 'விலக்குக' என்னும் முடிவு அங்கு இல்லை. மேலும், கணினியை நாம் மந்தம் என்று அழைத்தால் அது மேலும் மந்தமாவதில்லை. குழந்தையோ நாம் அழைக்கும் பெயரை நம்பிவிடுகிறது. ஆதலின் கருவிக்கு நாம் காட்டும் பொறுமை சிக்கனம். குழந்தைக்குக் காட்டும் பொறுமை கடன்.

அச்சிறுவன் இன்று நடுவயதை எட்டியிருப்பான். அத்தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அவன் குடும்பம் எங்கே சென்றதோ நான் அறியேன். அவன் கைப்பிடித்து 'தவறு என்னுடையது' என்று சொல்லும் வாய்ப்பு எனக்கு இல்லை. செய்யக்கூடியது ஒன்றே. இவ்வாண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்தில் என் பதிவேட்டுக் குறிப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றி எடுத்துச் சொன்னேன். நம் பள்ளியின் எந்தப் பதிவேட்டிலும் 'மந்தம்' என்னும் சொல் இனி இடம்பெறலாகாது என்றும், அவ்விடத்தில் அக்குழந்தையிடம் கேட்டது என்ன, கண்டது என்ன, செய்து பார்த்தது என்ன என்பதை எழுதவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். இளைய ஆசிரியர் ஒருவர், "ஐயா, அதற்கு அந்தக் கட்டத்தில் இடம் போதாதே" என்றார்.

உண்மைதான். மந்தம் என்னும் சொல்லுக்கு ஒரு கட்டம் போதும்; காரணத்துக்கு ஒரு தாள் வேண்டும். அலுவலகத்தில் தாள் நிறைய இருக்கிறது என்றேன்.