ஊனும் உரமும்

மதுரையில் வைகையின் வடகரையில், ஏ.வி. பாலம் வந்து இறங்கும் இடத்தில் உள்ள கோரிப்பாளையம், ஊன் உணவைப் பற்றிய பல சமய நிலைப்பாடுகள் ஒன்றையொன்று உரசியபடி வாழும் பகுதி. இறைவன் பெயரைச் சொல்லி அறுத்ததை உண்ணலாம் என்னும் இஸ்லாமிய நெறியைச் சார்ந்த தர்காவும் கறிக்கடைகளும் அங்கே உள்ளன. சித்திரையில் கள்ளழகருக்காக விரதமிருந்து கவிச்சி விலக்கியவர்கள் அந்தச் சாலைகள் வழியாகவே ஆற்றுக்கு இறங்குகிறார்கள். சற்றுத் தள்ளித் தமுக்கத்தில், புலால் மறுப்பைத் தம் வாழ்வின் சோதனைகளுள் ஒன்றாகக் கொண்ட காந்தியின் பெயரில் அமைந்த அருங்காட்சியகம் இருக்கிறது. நகரைச் சூழ்ந்த குன்றுகளிலோ, ஓருயிரையும் வருத்தாமல் வாழ முயன்ற சமண முனிவர்களின் கற்படுக்கைகள் கிடக்கின்றன. இத்தகைய ஊரில், தாவர உணவு மட்டும் உண்பவரால் ஓடவும் பளு தூக்கவும் மாடு அணையவும் இயலுமா என்ற கேள்வி உடலியல் கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அறத்தைக் காக்க உடலின் சாட்சியம் வேண்டுமா என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது.

உடலின் சாட்சியத்தை முதலில் கேட்டுவிடலாம். மாலை நேரத்தில் மதுரைத் தெருக்களில் உடம்புக்குத் தெம்பு என்று சொல்லி இரண்டு பானங்கள் விற்கப்படுகின்றன. ஒன்று ஆட்டுக்கால் சூப். தீயில் வாட்டிச் சுரண்டிய கால்களைத் தட்டிப்போட்டு, மிளகு சீரகத்தோடு மணிக்கணக்கில் கொதிக்கவைத்து இறக்குவது. மற்றது பருத்திப்பால், இரவெல்லாம் ஊறிய பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சுவது. முன்னதைக் குடிப்பவர் எலும்பு இறுகும் என்கிறார். பின்னதைக் குடிப்பவர் நெஞ்சுச் சளி இறங்கி இடுப்பு வலுக்கும் என்கிறார். சூப்பில் இறங்குவது பெரும்பாலும் எலும்பையும் தோலையும் பிணைக்கும் கொலாஜன் சிதைந்து உண்டான ஜெலட்டின். உடலால் தானே ஆக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்களுள் ஒன்றான டிரிப்டோபேன் அதில் அறவே இல்லாததால், தசை வளர்க்கும் பொருளாக அது ஒரு கிண்ணம் பருப்புக்கும் கீழ்ப்பட்டது. பருத்திப்பாலும் அப்படி மெச்சத்தக்கதன்று. பிழிந்து வடித்தபின் அதில் மிஞ்சுவது பெரும்பாலும் மாவும் கருப்பட்டியும் தரும் ஆற்றலே. பருத்திக்கொட்டையின் முழுப்பயனைப் பெறுவது அலங்காநல்லூர், பாலமேடு ஜல்லிக்கட்டுகளில் அவிழ்த்துவிடப்படும் காளைதான். அந்தக் காளையைக் காட்டி, புல்லும் கொட்டையும் தின்றே இத்தனை திமில் வளர்ந்திருக்கிறதே என்று வாதிடும் தாவர உணவாளர்கள், அதன் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் வாழ்வதையும், அவை பெருக்கிய புரதத்தைக் காளை தன் உணவாகச் செரித்துக்கொள்வதையும் மறந்துவிடுகிறார்கள். மனித வயிற்றில் அத்தகைய அறை இல்லை.

ஆய்வுகள் சொல்வது இதைவிட நிதானமானது. 1907இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் இர்விங் ஃபிஷர், கைகளைக் கிடையாக நீட்டிப் பிடித்திருத்தல், உட்கார்ந்து எழுதல் போன்ற எளிய சோதனைகளில் ஊன் உண்போரையும் உண்ணாதோரையும் ஒப்பிட்டு, உண்ணாதோரே நெடுநேரம் தாக்குப்பிடித்தனர் என்று எழுதினார். ஆனால் அவர் சோதித்த ஊன் மறுப்போரில் பலர் தம் கொள்கையில் ஊறியவர்கள்; கொள்கையைக் காக்க நீட்டிய கை எளிதில் தாழ்வதில்லை. பிற்கால ஆய்வுகள் இந்தக் குறையை ஓரளவு களைந்தன. 2021இல் வெளியான பிரேசில் ஆய்வொன்றில், விலங்குப் பொருள் எதையும் உண்ணாத 19 இளைஞர்களும் எல்லாம் உண்ணும் 19 இளைஞர்களும் 12 வாரம் பளுப் பயிற்சி செய்தனர். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் இரு சாராருக்கும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளப்பட்டபோது, தசையிலும் வலிமையிலும் இரு குழுவினரின் முன்னேற்றம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2022இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஓட்டப் பயிற்சியும் பளுப் பயிற்சியும் செய்யும் 24 பேரை வெவ்வேறு உணவு முறைகளில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் செயல்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. இவை சிறிய ஆய்வுகள்தாம். ஆயினும் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 3 தங்கம் வென்ற நீச்சல் வீரர் மரே ரோஸ் சிறு வயதிலிருந்தே ஊன் உண்ணாமல் வளர்ந்தவர் என்பது போன்ற தனிச் சான்றுகளைவிட அவற்றுக்கு எடை அதிகம்.

இந்த முடிவில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. 70 கிலோ எடையுள்ள வீரருக்கு, கிலோவுக்கு 1.6 கிராம் என்ற கணக்கில் நாளொன்றுக்கு 112 கிராம் புரதம் வேண்டும். துவரம்பருப்பால் மட்டும் அதை ஈட்டுவதானால் அரைக் கிலோப் பருப்பை நாள்தோறும் உண்ண வேண்டியிருக்கும். பிரேசில் இளைஞர்களுக்குச் சோயாப் புரதத்தூள் தனியே கொடுக்கப்பட்டது. இரும்புச் சத்தின் நிலையும் இத்தகையதே: தாவர உணவில் உள்ள இரும்பு ஊனில் உள்ளதைப்போல் எளிதில் உடலில் சேர்வதில்லை, எலுமிச்சை, நெல்லிக்காய் போன்ற புளிப்புகளிலுள்ள வைட்டமின் சி உடன் சேர்ந்தால் ஓரளவு சேர்கிறது. தசைக்குக் குறுகிய நேர வேகம் தரும் கிரியேட்டின் தாவரங்களில் ஏறத்தாழ இல்லை; உடல் தானே சிறிது ஆக்கிக்கொள்கிறது. இரத்த அணுக்களுக்கும் நரம்புகளுக்கும் இன்றியமையாத பி12 வைட்டமினை விலங்கும் ஆக்குவதில்லை, தாவரமும் ஆக்குவதில்லை; நுண்ணுயிரிகளே ஆக்குகின்றன. பால் குடிக்கும் சைவ உணவாளருக்கு அது கொஞ்சம் கிடைக்கிறது. பாலையும் விலக்கியவருக்கு மாத்திரை வேண்டும்.

பொது உடல்நலத்தைப் பொறுத்தவரை விடை இன்னும் கலவையானது. பிரிட்டனில் ஏறத்தாழ 48,000 பேரை 18 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2019இல் வெளியானபோது, ஊன் உண்ணாதோருக்கு மாரடைப்பு போன்ற இதயக் குருதிக்குழாய் நோய் 22 விழுக்காடு குறைவாகவும், பக்கவாதம் 20 விழுக்காடு அதிகமாகவும் காணப்பட்டது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிக்கொள்ளும் இத்தகைய முடிவுகளை வைத்துக்கொண்டு மேடை ஏறுவது கடினம். தாவர உணவு என்பதும் நல்ல உணவு என்பதும் ஒன்றல்ல. மைதாவில் வீசிய மதுரைப் பரோட்டாவும், மேலே சால்னா ஊற்றும்வரை, தாவர உணவுதான்.

ஆகவே, திட்டமிட்டு உண்ண வசதியுள்ளவருக்கு ஊன் இன்றியமையாததன்று என்பதே அறிவியல் இதுவரை நிறுவியிருப்பது. இது சிறிய முடிவல்ல. இன்றியமையாதது என்ற சாக்கு விலகும்போதுதான் அறக்கேள்வி தொடங்குகிறது. ஊனில்லாமல் உயிர் வாழவே முடியாத துருவ நாட்டு மனிதனிடம் கொல்லாமையைக் கடமையாகச் சொல்ல முடியாது, இயலாததைக் கடமையாக்குவதில்லை. அதே வேளையில், ஊனின்றி வாழ இயலும் என்பதிலிருந்து அப்படி வாழ வேண்டும் என்பது தானாகப் பிறப்பதுமில்லை. அந்த இரண்டாம் படிக்கு உடலியல் துணை வராது.

திருவள்ளுவர் இந்த வேறுபாட்டை அறிந்தே நூலை அமைத்தார் என்று கொள்ள இடமிருக்கிறது. உணவையும் உடல்நலத்தையும் அவர் பேசுவது பொருட்பாலில், மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில். அங்கே முன் உண்டது செரித்தபின் உண்பது, பசியறிந்து உண்பது, அளவறிந்து உண்பது ஆகியவை உண்டு, ஊனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஊனைப் பற்றிப் பேசும் புலால் மறுத்தல் என்னும் 26ஆம் அதிகாரம் அறத்துப்பாலில் வருகிறது. அங்கே நோயைப் பற்றியோ நலத்தைப் பற்றியோ பேச்சில்லை. மேலும், அந்த அதிகாரத்தின் முதல் குறளே தன் உடலைப் பெருக்கப் பிற உடலை உண்பவனைத்தான் முன்னிறுத்துகிறது. ஊன் உடலை வளர்க்கும் என்பதை வள்ளுவர் மறுக்கவில்லை. அதைத் தொடக்கத்திலேயே விட்டுக்கொடுத்துவிட்டு, அப்படி வளர்ந்தவனிடம் அருள் எப்படித் தங்கும் என்று கேட்கிறார். இன்றைய பிரசாரகர்கள் பலர் விட்டுக்கொடுக்க அஞ்சும் இடம் இது. அந்த அதிகாரம் இல்லறவியலில் அன்றித் துறவறவியலில் வைக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கது. பளு தூக்கும் இல்லறத்தானிடம் அதே கண்டிப்போடு இது கேட்கப்பட்டதா என்பதற்கு நூலமைப்பு நேரடி விடை தருவதில்லை.

கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும், கிறித்துவுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைக் கொண்ட மாங்குளத்திலும் தங்கிய முனிவர்கள் வலிமையைத் தேடி ஊனை விலக்கியவர்கள் அல்லர். உண்ணாநோன்பிருந்து உடலையே விட்டுவிடுவதை உயர்ந்த முடிவாகக் கருதியவர்களிடம் தசைக் கணக்கைக் காட்டியிருந்தால் அவர்களுக்கு அது பொருட்டாகவே பட்டிராது. தாவரத்துக்கும் உயிர் உண்டு என்பதை அவர்கள் அறிவார்கள். தொல்காப்பிய மரபியலும் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகவே வகுக்கிறது. எனவே தாவர உணவு கொலையற்ற உணவன்று, கொலை குறைந்த உணவு என்பதே சமணக் கணக்கு. கிழங்கு வகைகளைக்கூட அவர்கள் விலக்கியது இதனால்தான். கொன்றவன் வேறு, உண்டவன் வேறு, உண்டவனுக்குப் பாவமில்லை என்ற பௌத்தத் தரப்பை நீலகேசி என்னும் சமணக் காப்பியம் எதிர்த்து வாதிடுகிறது. பௌத்தக் காப்பியமான மணிமேகலையோ நடைமுறையோடு இணங்கிப் போகிறது: நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்கிய சாதுவன், கள்ளும் ஊனும் இன்றி வாழ அறியாத நாகர் தலைவனிடம், மூத்து இறக்கும் விலங்கு தவிர மற்றவற்றுக்குத் தீங்கு செய்யாதிருக்கச் சொல்கிறான். தலைவனால் இயலும் அளவை அறிந்து அறம் அங்கே அளவு குறைத்துக் கேட்கப்படுகிறது.

ஊன் என்றால் உரம் என்ற எண்ணத்துக்கு உடற்பயிற்சிக் கூடங்கள் மட்டும் காரணமல்ல; அதற்கு இம்மண்ணின் வழிபாட்டிலேயே வேர் உண்டு. மதுரை வட்டாரக் கோயில்கள் பலவற்றில் தலைமைத் தெய்வமாகிய ஐயனாருக்குச் சைவப் படையலும், அரிவாளேந்திக் காவல் நிற்கும் கருப்பசாமிக்குக் கிடா வெட்டும் வழங்குகின்றன. வெட்டு நடக்கும்போது ஐயனார் முன்னே திரையிடுவதும் உண்டு. அதிகாரம் செலுத்துபவர் ஊன் உண்ணார், அடிதடியில் இறங்கிக் காப்பவர் உண்பார் என்னும் இந்தப் பங்கீடு மனிதர்களிடையேயும் சாதி வரிசையாகப் படிந்தது. கறி தின்பதையே காரணம் காட்டித் தாழ்த்தப்பட்டவர்கள், அந்தக் கறியையே தம் வலிமையின் அடையாளமாக உயர்த்திப் பிடித்ததில் வியப்பில்லை. திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டியில் முனியாண்டிக்குப் பிரியாணி படைத்து ஊருக்கே பிரசாதமாக வழங்கும் விழாவில் வெட்கத்தின் சுவடே இல்லை. 2003இல் தமிழக அரசு 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைக் கண்டிப்போடு நடைமுறைப்படுத்த முனைந்து, எதிர்ப்பால் அடுத்த ஆண்டே அச்சட்டத்தைக் கைவிட்டதும் இந்த வரலாற்றின் விளைவே. கொல்லாமை மேலிருந்து ஆணையாக இறங்கும்போது அது அருளாகக் கேட்பதில்லை.

அடிமை நாட்டில் ஊன் என்றால் உரம் என்ற அந்த எண்ணம் அரசியலாகவும் ஆயிற்று. ஊன் உண்பதால்தான் ஆங்கிலேயன் ஆள்கிறான் என்று நண்பர் சொன்னதை நம்பிச் சிறுவன் காந்தி ஒளிந்து ஊன் உண்டதும், பெற்றோரிடம் பொய் சொல்ல நேர்ந்ததால் அதை விட்டதும் பலரும் அறிந்தவை. 1931 நவம்பரில் லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் அவர் பேசியது அதைவிடக் குறைவாகவே நினைவுகூரப்படுகிறது: உடல்நலத்துக்காக ஊனை விட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள், அறத்தை அடிப்படையாகக் கொண்டவர்களே நிலைக்கிறார்கள் என்பதே அவர் கருத்து. நலத்துக்காக விட்டவரை, நலம் குன்றும்போது எதுவும் தடுத்து நிறுத்தாது. ஆயினும் காந்தியின் சொந்த வாழ்விலேயே இந்த வாதத்தில் ஒரு விரிசல் விழுந்தது. பாலையும் விடுவதாக நோன்பேற்றிருந்தவர், கடும் நோயில் ஆட்டுப்பாலுக்கு இசைந்தார், நோன்பின் சொல்லைக் காத்துப் பொருளை இழந்ததாகத் தாமே எழுதினார். விவேகானந்தரோ மறுபக்கம் நின்றார்: உயிர்க்கொலை தீதே ஆனாலும், வேதியியல் வளர்ந்து தாவர உணவை மனித உடலுக்கு முற்றும் ஏற்றதாக்கும்வரை, உழைத்துப் போராடும் மக்களுக்கு ஊனை விட்டால் வழியில்லை என்றார். அந்த நிபந்தனை இன்று பெருமளவு நிறைவேறிவிட்டது. மருந்துக்கடைப் பி12 மாத்திரை, தொட்டிகளில் வளர்க்கும் நுண்ணுயிரிகளின் விளைபொருள்.

எஞ்சுவது, அதை யார் வாங்கித் தருவது என்பது. 2014ஆம் ஆண்டின் அரசு மாதிரிக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஊன் உண்போராகப் பதிவானார்கள். ஆனால் அவர்களில் ஏழைகளின் தட்டில் ஊன் விழுவது வாரத்தில் ஒருநாள், மற்ற நாள்களில் சோறும் குழம்பும்தான். இவர்கள் தம் விருப்பமின்றியே தாவர உணவாளர்கள். இவர்களிடம் கொல்லாமையைப் போதிப்பவர் முதலில் பருப்பின் அளவைக் கூட்ட வேண்டும். வள்ளலார் இதைத் தெளிவாகக் கண்டவர். புலால் உண்போரைப் புற இனத்தார் என்று கண்டிப்போடு பிரித்தவரே, பசியென்று வந்தால் அவர்களுக்கும் சோறிட வேண்டும் என்றார். 1867இல் வடலூரில் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு அந்த ஒழுங்கில்தான் எரிகிறது. 1989இல் தமிழக அரசின் சத்துணவில் முட்டை சேர்ந்தது. பின்னர் முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரும் வழக்கம் ஏற்பட்டது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும் சிறிது பி12 வைட்டமினும் உண்டு; ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 1 கிராம் புரதம் உண்டு, பி12 இல்லை. அந்தப் பிள்ளையின் நோன்பை அரசு மதித்தது, ஆனால் அதற்கு ஈடாகத் தந்தது குறைவு. 5 கிராம் புரதத்தை ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலைச் சுண்டல் ஈடுசெய்துவிடும். பி12க்கு ஒரு டம்ளர் பால் வேண்டும்.