நோய்க் காலத்துச் சலுகையும் நெஞ்சின் கடனும்

நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம். தண்ணீர் கிடைக்காதவர் தயம்மும் செய்யலாம். பயணி நோன்பைப் பிற்படுத்தலாம். சக்திக்கு மீறிய சுமையை நம் மார்க்கம் எவர் மீதும் ஏற்றுவதில்லை என்பதை நம் பிள்ளைகள் மக்தபிலேயே கற்றுவிடுகின்றனர். ஆனால் சலுகையைப் பயன்படுத்திக்கொண்ட மனிதர், சலுகைக் காலம் முடிந்த பின் தம் மனத்தோடு எப்படிக் கணக்குத் தீர்ப்பது? மார்க்கத் தீர்ப்பில் மன்னிக்கப்பட்ட ஒன்று நெஞ்சில் மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தால், அந்தக் குத்தலுக்கு என்ன பொருள்? இக்கேள்வியை நம்மிடம் கேட்டவர் ஆலிமல்லர். கோரிமேட்டில் மருத்துவமனைக்கு வருவோரை நம்பிச் சிறு சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு சகோதரர். அவர் கேட்டதும், அதற்கு நாம் முதலில் தவறாகவும் பிறகு ஓரளவு சரியாகவும் சொன்னதும் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் எல்லையை ஒட்டி இருப்பது கோரிமேடு. 'கோரி' என்ற சொல்லுக்கு முஸ்லிம்களின் சமாதி என்று அகராதி பொருள் கூறும். ஆனால் இன்று அவ்வூரின் அடையாளம் ஜிப்மர் மருத்துவமனை. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுவையில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்து, 1964-ல் இப்பெயர் பெற்ற நிறுவனம் அது. சாலையில் சற்றே நடந்தால் விழுப்புரம் மாவட்டம் வந்துவிடும். சாதாரண நாட்களில் அந்த எல்லைக்கோடு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது அதே கோடு மதிலாக எழுந்து நின்றது.

ஓர் ஆண்டின் கணக்கு

அக்குடும்பத்தின் ஓர் ஆண்டை, ஹிஜ்ரி 1441 ரமளான் முதல் 1442 ரமளான் வரை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

2020 ஏப்ரல் 25-ல் நோன்பு தொடங்கியபோது பள்ளிவாசல்கள் பொதுத் தொழுகைக்கு மூடியிருந்தன. அந்த வீட்டின் பெரியவர் நாற்பது ஆண்டுகளாகத் தராவீஹை ஜமாஅத்தில் விடாதவர். அன்றிரவு கூடத்துப் பாயை விரித்து, ஓதிக்கொண்டிருந்த பேரனை இமாமாக நிறுத்தி அவன் பின்னால் தொழுதார். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில், நோன்புக் கஞ்சிக்காக அரசு அளிக்கும் 5,450 டன் அரிசி அவ்வாண்டு பள்ளிவாசல்களில் காய்ச்சப்படாமல் வீடுகளுக்கே பிரித்துத் தரப்பட்டது. ஜூன் மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி, அந்தப் பேரன் தேர்வெழுதாமலே தேறினான். அதே மாதத்தில்தான் அவ்வாண்டு இந்தியாவிலிருந்து ஹஜ்ஜுக்கு யாரும் போக இயலாது என்ற அறிவிப்பும் வந்தது. பெரியவரும் அவர் மனைவியாரும் அவ்வாண்டுப் பட்டியலில் இருந்தவர்கள். கட்டிய பணம் திரும்பி வந்தது. பெட்டியில் மடித்து வைத்த இஹ்ராம் துணி அப்படியே இருந்தது.

ஜூலையில் மூத்த மருமகளுக்குப் பேறு காலம். திண்டிவனத்திலிருக்கும் தாய் வீட்டுக்குச் செல்ல அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. முதல் முறையாக அக்குடும்பத்தில் ஒரு குழந்தை மாமியார் கையில் பிறந்து வளர்ந்தது. அகீகா இறைச்சியை விருந்தாக்காமல் பச்சையாகவே வேலையிழந்திருந்த அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனர். ஆகஸ்டில் மகளின் நிக்காஹ். திருமணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடலாகாது என்பது அரசு விதி. வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. மஹரை மாப்பிள்ளை கையோடு கொடுத்தார். கடன் ஒரு ரூபாயும் இல்லை.

அடுத்த ரமளானின் கடைசிப் பத்தில், 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது பெரியவர் மருத்துவமனையில் மௌத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இளைய மகன் ஜித்தாவில். வழக்கமான பன்னாட்டு விமானங்கள் 2020 மார்ச் முதல் ஈராண்டுகள் நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. வீட்டிலிருந்த மூத்த மகனிடம், பாதுகாப்பு உடையணிந்து இருவர் கபரருகே வரலாம் என்று சொல்லப்பட்டது. அவர் உடையைக் கையில் வாங்கினார், அணியவில்லை. கபர்ஸ்தான் வாசலிலேயே நின்றுவிட்டார். முன்பின் அறியாத நான்கு இளைஞர்கள், நோன்பு வைத்தபடியே, அவருடைய அத்தாவைக் கபரில் இறக்கினர்.

குறைந்தவை எல்லாம் ஒன்றல்ல

இந்த ஆண்டைப் பற்றி நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசுகின்றனர். 'எல்லாம் போயிற்று' என்பார் சிலர். 'ஆடம்பரம் ஒழிந்தது, நல்லதே நடந்தது' என்பார் வேறு சிலர். இரண்டும் அவசரத் தீர்ப்புகளே. அவ்வாண்டில் குறைந்தவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலாவது, நாமே சேர்த்துக்கொண்டவை. ஐம்பது பேர் கூடிய நிக்காஹில் எந்தக் கடமை குறைந்தது? வலியும் இரு சாட்சிகளும் ஈஜாபும் கபூலும் மஹரும் இருந்தன. மண்டபமும் ஊர்வலமும் மூன்று நாள் விருந்தும் இல்லை. இதை இழப்பு என்று சொல்ல நம் மார்க்கத்தில் இடமில்லை.

இரண்டாவது, வடிவம் மாறி உள்ளீடு நின்றவை. ஜும்ஆவுக்குப் பதிலாக வீட்டில் லுஹர் தொழுதோம். 2020 மார்ச்சில் குவைத்தின் பள்ளிவாசல்களில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளும்படி பாங்கிலேயே அறிவிக்கப்பட்டதைக் கேட்டு அழுதவர் பலர். ஆயினும் அது புதுமையன்று. கடும் மழை நாளில் அவ்வாறு அறிவிப்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நடைமுறையிலிருந்து வந்ததே. இங்கே அழுகைக்கு இடமுண்டு. குற்ற உணர்வுக்கு இடமில்லை.

மூன்றாவது, மனிதருக்கு மனிதர் பட்ட கடன்கள். நோயாளியைப் பார்த்தல், சாகும் தறுவாயில் கலிமாவை நினைவூட்டல், மையித்தைக் குளிப்பாட்டல், கபனிடல், தோளில் சுமத்தல், ஒரு பிடி மண் போடுதல் ஆகியவை இவை. இவற்றை முதல் வகையோடு சேர்த்து, 'எளிமையாக முடிந்தது' என்று யாரும் மகிழலாகாது. 2020 ஜூன் மாதம் புதுச்சேரியில் நோயால் இறந்த ஒருவரின் உடல் குழிக்குள் வீசப்பட்ட காட்சியை நாடே பார்த்துப் பதறியது. அவர் எம்மதத்தவராயினும் என்ன? இறந்த உடலுக்கும் கண்ணியம் உண்டு என்பது மனித இனம் முழுவதற்கும் பொதுவான அறம் அன்றோ!

முன்னோர் கண்ட சோதனை

மூன்றாம் வகையில்தான் அந்தச் சகோதரரின் முள் இருந்தது. அத்தா மௌத்தான இரவு அவர் நமக்குத் தொலைபேசியில் பேசினார். நாமோ அவரை முழுதாகப் பேசவிடவில்லை. 'கொள்ளை நோயில் இறந்தவர் ஷஹீத். அவரைக் குளிப்பாட்டத் தேவையில்லை. கவலைப்படாதீர்கள்' என்று முடித்துவிட்டோம். அன்று இப்படிச் சொன்னவர்கள் நம்மைப் போல் பலர். ஆனால் அதில் பாதி தவறு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். குளிப்பாட்டப்படாமல் அடக்கப்படுபவர் போர்க்களத்தில் வீழ்ந்த ஷஹீத். கொள்ளை நோயில் இறந்தவர் மறுமையின் நற்கூலியில் ஷஹீத். உலக விதிகளில் மற்ற மையித்தைப் போல் குளிப்பாட்டப்பட வேண்டியவரே. அன்று குளிப்பு விடுபட்டது நிர்ப்பந்தத்தால். 2020 மார்ச்சில் வெளியான மத்திய சுகாதார அமைச்சின் வழிமுறை, உடலைக் குளிப்பாட்டுவதையும் தழுவுவதையும் தடுத்தது. தொடாமல் செய்யும் இறுதிச் சடங்குகளை அனுமதித்தது. உறைக்கு மேல் தயம்மும் செய்விக்கலாம் என்று உலமாக்களில் சிலர் கூறினர். அது தயம்மும் ஆகாது என்றனர் வேறு சிலர். இளைய மகன் ஷாபிஈ மத்ஹபின்படி ஜித்தாவில் தம் அறையில் காயிப் ஜனாஸா தொழுதார். ஹனபி மத்ஹபில் அதற்கு இடமில்லை என்பதும் வாசகர் அறிந்ததே.

ஹிஜ்ரி 18-ல் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளை நோய் பரவிற்று. அந்நாட்டை நோக்கிப் புறப்பட்ட கலீபா உமர் (ரலி) ஸர்க் என்னுமிடத்தில் செய்தியறிந்து ஆலோசனை செய்தார்கள். நோயுள்ள ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அங்கிருப்பவர் அதை விட்டு ஓடவும் வேண்டாம் என்ற நபிவழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரலி) எடுத்துரைக்க, கலீபா திரும்பிவிட்டார்கள். அது விதியை விட்டு ஓடுவதாகாதா என்று கேட்டவர் அபூ உபைதா (ரலி). அவர்கள் தம் படையோடு அங்கேயே தங்கி அந்நோயிலேயே வபாத்தானார்கள். ஒருவர் திரும்பினார், ஒருவர் தங்கினார். திரும்பியவரைக் கோழை என்றோ தங்கியவரை அறியாதவர் என்றோ உம்மத்து ஒருநாளும் சொன்னதில்லை.

புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களையும் நினைப்போம். கெய்ரோவில் ஹிஜ்ரி 819-ல் இரு மகள்களையும், 833-ல் மூத்த மகளையும் கொள்ளை நோய்க்குப் பறிகொடுத்த தந்தை அவர்கள். கொள்ளை நோயைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். 833-ல் மக்கள் பெருந்திரளாகப் பாலைவெளிக்குச் சென்று கூட்டுப் பிரார்த்தனை செய்ததையும், அதற்கு முன் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாயிருந்த சாவு அதன்பின் ஆயிரத்தைத் தாண்டியதையும் அதில் பதிந்துள்ளார்கள். துஆவின் மேன்மையை அவர்களைவிட அறிந்தவர் யார்? எனினும் கண்டதை மறைக்கவில்லை. பக்தியின் பெயரால் உயிருக்கு ஆபத்தை வரவழைப்பது நம் முன்னோர் வழியல்ல.

சட்டமா, அச்சமா?

இவற்றையெல்லாம் சில மாதங்கள் கழித்து நேரில் சொன்னோம். அந்தச் சகோதரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஹஜ்ரத், நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா என்னை யாரும் தடுக்கலையே! உடுப்பைக் கையில கொடுத்தாங்க. நான்தான் போடலை. சட்டம் தடுத்துச்சுன்னு ஊருக்குச் சொல்லிட்டேன். அல்லாஹ்கிட்ட என்ன சொல்றது?"

இதுவே உண்மையான கேள்வி. சலுகை அவருக்குத் திறந்திருந்தது. அதற்குள் அவரை இழுத்துச் சென்றது அச்சம். இத்தகைய சலுகை செல்லுமா?

நாம் கிதாபுகளைப் புரட்டியும் சிந்தித்தும் பார்த்ததில் மூன்று செய்திகள் தெளிவாயின. முதலில், அச்சமே பாவமன்று. வெறும் கற்பனைக்கு அஞ்சினால் அது சலுகைக்குக் காரணமாகாது. தகுந்த மருத்துவர் சொல்லாலோ, கண்கூடான அனுபவத்தாலோ தீங்கு வரும் என்ற எண்ணம் மேலோங்கினால் அது காரணமாகும். அவர் வீட்டில் பத்து மாதக் குழந்தையும் முதிய தாயும் இருந்தனர். அவரது அச்சம் கற்பனையன்று. இரண்டாவது, ஜனாஸாவின் காரியங்கள் பர்ளு கிபாயா. சிலர் நிறைவேற்றினால் ஊரார் அனைவர் மீதும் பொறுப்பு நீங்கும். அந்த நான்கு இளைஞர்கள் நிறைவேற்றினர். ஆகவே அவர் குற்றவாளியல்லர்.

மூன்றாவது, குற்றமில்லை என்பதால் கடனுமில்லை என்றாகாது. 'சட்டம் தடுத்தது' என்று சொன்னதில் கொஞ்சம் உண்மைக்குறைவு இருந்தது. அதற்குத் தவ்பா போதும். அத்தாவுக்குச் செய்ய வேண்டியது மட்டும் நிலுவையில் நிற்கிறது. பெற்றோர் இறந்த பின்னும் அதைத் தீர்க்க வழிகள் உண்டு. அவர்களுக்காகத் துஆ செய்தல், ஸதகா கொடுத்தல், அவர்களின் நண்பர்களை ஆதரித்தல், நிறைவேறாத அவர்களின் ஹஜ்ஜைச் செய்வித்தல் ஆகியவை அவ்வழிகள். 2021-லும் வெளிநாட்டவர்க்கு ஹஜ் இல்லை. 2022-ல் திறந்தபோது 65 வயதுக்குட்பட்டவர்களுக்கே அனுமதி. பெரியவருக்கு அவ்வழி இவ்வுலகில் திறக்கவேயில்லை. அவரது நிய்யத்தின் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. மக்கள் பதல் ஹஜ் செய்வித்தால் அது அவர்களுடைய கடன் தீரும் வழி.

"அந்த முள்ளைப் பிடுங்கிவிடும்படி எம்மிடம் கேட்காதீர்கள், பாய், அது உங்களை எங்கே கூட்டிப் போகிறது என்று பாருங்கள்" என்றோம். அவர் பதிலொன்றும் சொல்லவில்லை.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் நோயின் அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. அவ்வாண்டே அக்குடும்பத்தில் ஜித்தாவிலிருந்து வந்த இளைய மகனுக்குத் திருமணம். பெரிய மண்டபம், ஆயிரம் இலை, கடன். 'அன்று செய்ய முடியாததையெல்லாம் இப்போதாவது செய்ய வேண்டாமா?' என்றனர் வீட்டார். நாமும் போய் உண்டு வந்தோம். வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும். முதல் வகையில் குறைந்ததை மீட்டெடுக்க இவ்வளவு விரைகிறோமே, மூன்றாம் வகையில் நின்ற நிலுவையைத் தீர்க்க எத்தனை பேர் விரைந்தோம்? நோயாளியைப் பார்க்கப் போகாத பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டோம். மையித்து வீட்டுக்குக் கைப்பேசிச் செய்தி அனுப்பி முடித்துக்கொள்ளும் வழக்கத்தையும் விடவில்லை. சலுகை போனபின்னும் சலுகையிலேயே வாழ்கிறோம்!

ஆனால் இன்னொன்றையும் சொல்லி முடிக்க வேண்டும். கல்யாணக் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கும் அதே மூத்த சகோதரர், மஹல்லாவில் மையித்துக் குளிப்பாட்டும் முதியவரிடம் அந்த முறையைக் கற்றுக்கொண்டார். தொலைவூரிலிருந்து சிகிச்சைக்கு வந்து, உறவினர் வந்து சேருமுன் இறந்துபோகும் ஏழைகளின் செய்தி வந்தால், கடையைப் பையனிடம் விட்டுவிட்டுப் போகிறார். கூலி வாங்குவதில்லை. "இப்பவாவது தைரியம் வந்துவிட்டதா?" என்று நாம் ஒருமுறை கேட்டோம். "தைரியம் எல்லாம் இல்லை, ஹஜ்ரத். ஒவ்வொரு முறையும் கை நடுங்கத்தான் செய்யுது. தண்ணி ஊத்த ஊத்தச் சரியாப் போகுது" என்றார்.

வல்ல நாயன் அந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்தோரின் கபர்களை ஒளிமயமாக்குவானாக! அவர்களைச் சுமந்த அறியாத கைகளுக்கு நிறைந்த கூலி வழங்குவானாக! நம் மீது நிற்கும் கடன்களை உணர்ந்து தீர்க்கும் நல்லுள்ளத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.