குற்றமா, நோயா?

நம் ஊரின் பெயரைச் சொன்னால் மலேசியாவில் பலருக்குச் சிரிப்பு வரும். 1911-இல் இங்கே மனநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டதே காரணம். சற்றே தாறுமாறாகப் பேசுபவனைத் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்று கேலி செய்வது இன்றும் ஒழியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் 'பஹாகியா', அதாவது இன்பம், என்று பெயர் வைத்தும் வாய்கள் திருந்தவில்லை. ஆனால் கேலி கேலியோடு நிற்பதில்லை. அத்தகைய நோயுள்ள ஒருவன் வேலையில் தவறு செய்து, முதலாளியின் விசாரணைக்கு முன் நிற்கும்போது அவனுக்குரிய நியாயம் எது?

புத்தி முற்றிலும் பேதலித்தவன்மீது கடமையும் இல்லை, தண்டனையும் இல்லை என்பதை மதரஸாவில் ஓதிய சிறு பிள்ளையும் அறியும். பாதி தெளிவும் பாதி கலக்கமுமாக இருப்பவன் விஷயத்தில்தான் சிக்கல். அவன் வைதது நோயாலா, குணத்தாலா?

இந்தக் கேள்வி இந்தியாவின் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் 2001-இல் சேர்ந்த ஓர் அதிகாரி, 2009 முதல் மனநோயால் அவதிப்பட்டார். காலைப் பணிக்கு வரவில்லை, தகாத வார்த்தை பேசினார், மேலதிகாரியைத் தாக்கினார் என்றெல்லாம் குற்றம் சாட்டி 2010-இல் விசாரணை தொடங்கினார்கள். நீதிபதி சந்திரசூட் எழுதி 2021 டிசம்பர் 17-இல் வெளியான தீர்ப்பு அந்நடவடிக்கையை ரத்து செய்தது. நடத்தைக்கு நோய் ஒன்றே காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. காரணங்களில் அதுவும் ஒன்றாக இருந்தால் போதும் என்றது. எல்லாரையும் ஒரே கோலால் அளப்பது சமத்துவம் போலத் தோன்றினாலும், அதில் அதிகம் அகப்படுகிறவன் நோயாளியே அன்றோ?

"அப்படியானால் அடிபட்டவனுக்கு என்ன நியாயம்? மற்றச் சிப்பந்திகளின் பாதுகாப்பு என்னாவது?" என்று கேட்கலாம். சரியான கேள்வியே. கோர்ட்டும் அதை மறக்கவில்லை. பழைய வேலைக்கு அவர் ஏற்றவரல்லர் என்று கண்டால் வேறு வேலை கொடுங்கள், சம்பளத்தைக் குறைக்காதீர்கள், துப்பாக்கியைத் தொடாத வேலையாகவே கொடுக்கலாம் என்றது. ஆபத்தைத் தடுப்பது வேறு, தண்டிப்பது வேறு. தடுப்பதற்குக் குற்றவாளி என்ற பட்டம் தேவையில்லை.

நிற்க. நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒழுங்கீனத்திற்காக ஒருவரை நீக்குமுன் விசாரணை நடத்தியாக வேண்டும். அநியாயமாக நீக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட்டால், வழக்கு தொழில் நீதிமன்றம் வரை போகக்கூடும். 2008-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் நீண்டகால மனக்குறையையும் ஊனத்தில் சேர்க்கிறது. மீறும் முதலாளிக்குத் தண்டனை மட்டும் வைக்கவில்லை. ஆகவே பெரும்பகுதி முதலாளியின் மனச்சாட்சியிடமே விடப்பட்டிருக்கிறது.

நம்மில் பலர் கடை வைத்திருப்பவர்கள். நாலு நாள் சொல்லாமல் நின்றுவிட்ட பையனை, வாடிக்கைக்காரரிடம் காரணமின்றிச் சீறியவனைக் கணக்குத் தீர்த்து அனுப்புவது எளிது. அதற்கு முன் அவன் வீட்டாரை விசாரிப்போம். டாக்டரிடம் காட்டச் சொல்வோம். கல்லாவை விட்டுச் சரக்கறை வேலையைக் கொடுத்துப் பார்ப்போம். "செய்தானா?" என்பதோடு "ஏன் செய்தான்?" என்றும் கேட்காத விசாரணை பாதி விசாரணையே. கோர்ட் வந்து சொல்லும்வரை காத்திராமல், சகோதரர்களே, நாமே அதைக் கேட்கப் பழகுவோமாக!