தலை விழுந்தபோது கைதட்டியவர்கள்

ஒரு மனிதனின் தலை துண்டாகி விழுந்ததைப் பார்த்து நான் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறேன். சினிமாவில்தான். 2017 ஏப்ரல் 28-ல் 'பாகுபலி' இரண்டாம் பாகம் வந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சேலத்தில் ஒரு தியேட்டர், கல்லூரி நண்பர்கள் ஏழு பேர். கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார் என்று இரண்டு வருடமாக மண்டையைக் குடைந்த கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளத்தான் போனோம். ஆனால் தியேட்டர் அதிர்ந்தது அந்தப் பதிலுக்கு அல்ல.

காட்சி நினைவிருக்கும். கோயில் வரிசையில் நிற்கும் பெண்களைச் சேதுபதி என்ற தளபதி தொட்டுத் தடவுகிறான். தேவசேனா அவன் விரல்களை வெட்டிவிடுகிறாள். அதற்காக அவளை விலங்கிட்டு அவைக்குக் கொண்டுவருகிறார்கள். பாகுபலி வருகிறான், என்ன நடந்தது என்று அவளிடம் கேட்கிறான், பெண் மீது கை வைத்தவனுக்கு விரலை அல்ல, தலையை வெட்ட வேண்டும் என்கிறான். அடுத்த நொடி தலை போய்விடுகிறது. விசில், காகிதத் துண்டுகள், எனக்குப் பின்னால் இருந்தவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். பக்கத்தில் என் தோழி. அவள் கைதட்டவில்லை, அழுதுகொண்டிருந்தாள். கண்ணீரோடு சிரித்தாள் என்பதுதான் சரி.

அவள் பள்ளிக்கூடக் காலத்தில் டவுன் பஸ்ஸில் அனுபவித்ததை எங்களிடம் முன்பே சொல்லியிருந்தாள். ஒருமுறை கண்டக்டரிடம் புகார் சொன்னபோது, "கூட்டம்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்று சொன்னாராம். படம் முடிந்து வெளியே டீக்கடையில் நிற்கும்போது சொன்னாள்: "நிஜத்துல எவன்டா கேட்டான்? படத்துலயாவது ஒருத்தன் கேட்டானே." அன்றைக்கு இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. இன்றைக்கும் அந்தக் கண்ணீரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் கைதட்டலைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வெகுளி எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு காரணங்கள் சொல்கிறது. முதலாவதே உறுப்பை அறுத்தல். கொலையும் அந்தப் பட்டியலில் உண்டு. பெருமிதத்துக்குத் தனி நான்கு: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. அந்தத் தியேட்டரில் எங்களுக்கு வந்தது வெகுளி இல்லை. சுத்தமான பெருமிதம். உறுப்பு அறுபடுவதைப் பார்த்து நெஞ்சு விம்ம வைத்திருக்கிறார் ராஜமௌலி. இதைப் பழியாகச் சொல்லவில்லை, அவ்வளவு பெரிய கலைஞரால்தான் அது முடியும். (முதல் பாகத்தில் கரிய சாயம் பூசிய காலகேயர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோதும் நாங்கள் இப்படித்தான் விசிலடித்தோம். அது தனிக் கட்டுரைக்கான சங்கதி.)

எப்படி முடிகிறது? சேதுபதி குற்றவாளி என்பதைக் கேமரா நமக்கு முன்பே காட்டிவிடுகிறது. நாம்தான் சாட்சி. பாகுபலி அப்போது ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அவனே நீதிபதியாகிறான், அவனே கொலையாளி ஆகிறான். நமக்கு உறுத்துவதில்லை. நமக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஆனால் கேமராவைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஒருவர் சொல்கிறார், அதிகாரம் உள்ளவன் நம்புகிறான், உடனே ஆள் காலி. மதுரையில் கோவலனுக்கு நடந்ததும் இதே வரிசைதான். பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான். கண்ணகி அவைக்கு வந்து அவன்மேல் வைத்த முதல் குற்றச்சாட்டே அவன் ஆராயவில்லை என்பதுதான். கோவலன் கள்வன் அல்ல, சேதுபதி கயவன். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசம் தெரியவருவது விசாரித்தால்தான்.

2019 நவம்பர் கடைசியில் ஹைதராபாத் அருகே ஓர் இளம் கால்நடை மருத்துவர் கூட்டு வல்லுறவு செய்யப்பட்டு எரிக்கப்பட்டார். படிக்கவே முடியாத செய்தி. டிசம்பர் 6 விடியற்காலையில், கைதான நால்வரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. துப்பாக்கியைப் பிடுங்கித் தாக்கினார்கள் என்றது போலீஸ். மக்கள் போலீஸ்காரர்கள் மேல் பூ தூவினார்கள், பட்டாசு வெடித்தார்கள். மகிழ்மதி செட் போட்டதும் அதே நகரத்தின் ஓரத்தில்தான், ராமோஜி ஃபிலிம் சிட்டியில். அன்று காலை எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தன் அந்தத் தலை விழும் காட்சியை வெட்டிப் போட்டான். கீழே வரிசையாகக் கைதட்டும் எமோஜிகள். அதில் ஒன்று என்னுடையது.

உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. போலீஸ் சொன்ன கதை நம்பும்படியாக இல்லை, கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள், பத்துப் போலீஸ்காரர்களைக் கொலைக்குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்றது. இறந்தவர்களில் மூவர் அப்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அவர்கள் குற்றம் செய்தார்களா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் இனி சொல்லப்போவதில்லை. கேமரா காட்டாத கோயில் வரிசை அது. அந்த மருத்துவரைக் கொன்றது யார் என்று நிரூபிக்கும் வாய்ப்பையும் சேர்த்துத்தான் சுட்டார்கள். அறிக்கையின் செய்தியைக் குழுவில் போட்டேன். நீல டிக் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நிமிஷம் கழித்து ஒரு பிறந்தநாள் வாழ்த்து வந்தது.

இரவு தோழி தனியாக அழைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "நீ கோர்ட்டு, ஆணையம்னு எல்லாம் சொல்லுவ. நான் பஸ்ஸுல நின்னப்ப இதெல்லாம் எங்க இருந்துச்சு?" என்றாள். பதில் இல்லை. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் அமைதி. பிறகு அவளே அந்தக் காட்சிக்கு வந்தாள்.

"நான் எதுக்கு அழுதேன்னு நெனச்ச? தலை விழுந்ததுக்கா?"

"ஆமா."

"இல்லடா. அவ விரலை வெட்டினதுக்கு. எனக்கு அதோடயே முடிஞ்சுருச்சு. அவளுக்கும் அது போதும்னுதான் இருந்துச்சு. அது பத்தாதுன்னு சொன்னது அவன்தானே?"

நான் அந்தக் காட்சியை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். தேவசேனா தன் கையால் ஒரு தண்டனையை அளந்து கொடுத்து முடித்திருந்தாள் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. போனை வைத்துவிட்டு மறுபடியும் அதை ஓடவிட்டேன், சத்தத்தை நிறுத்திவிட்டு. தலை விழும்போது, அந்த இசை இல்லாமலும், உடம்பு சிலிர்க்கத்தான் செய்தது.