ஒரு கடையா, எல்லாக் கடைகளுமா?

கொள்ளைநோய்க் காலத்தில் நோய் கண்ட கடையை மட்டும் மூடுவது நீதியா, எல்லாக் கடைகளையும் மூடுவது நீதியா? புக்கிட் பாஞ்சாங் வட்டார வியாபாரச் சகோதரர்களிடையே இவ்விவாதம் இன்றும் எழுவதுண்டு. நோய் தணிந்து வியாபாரம் நடக்கும் இக்காலமே இதை நிதானமாக ஆராய ஏற்றது என்று கருதுகிறோம்.

நடந்ததை நினைவுகூர்வோம். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் கோவிட் தொற்றுக் காரணமாக சையது ஆல்வி ரோட்டிலுள்ள முஸ்தபா சென்டர் மூடப்பட்டது. சில நாட்களுக்குள், ஏப்ரல் 7 முதல், அத்தியாவசியமல்லாத கடைகள் யாவும் நாடெங்கும் மூடப்பட்டன. பெரும்பாலான கடைகளுக்கு ஜூன் 18 வரை அந்நிலை நீடித்தது. 2021 ஜூலையில் ஜூரோங் மீன்பிடித் துறைமுகம் தொற்றினால் மூடப்பட்டது. அம்மாதம் 22 முதல் நாடு முழுவதும் சாப்பாட்டுக் கடைகளில் அமர்ந்து உண்பதும் நிறுத்தப்பட்டது. நோயாளி ஒருவரும் வந்திராத கடைக்காரர், "நான் செய்த குற்றம் என்ன?" என்று கேட்டால் அதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆயினும் குற்றம் என்னும் சொல்லே இங்கு பொருந்தாது. கடையடைப்பு தண்டனையன்று, காப்பு. 2020 மார்ச்சில் பள்ளிவாசல்களின் கதவுகளும் அடைபட்டன. எந்தப் பள்ளி குற்றம் செய்தது? நோய் வந்த வழி தெரிந்தால் அவ்வழியை மட்டும் அடைப்பதே முறை; அதற்கு மேல் அடைப்பது அன்றாடக் கூலியாளின் வயிற்றில் அடிப்பதாகும். வழி தெரியாதபோதோ, எந்தக் கடையில் நோயில்லை என்று யாரால் சொல்ல முடியும்? நோய்க்குறி தோன்றுமுன்பே இத்தொற்று பிறருக்குப் பரவியதை யாவரும் அறிவர்.

கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்று கேள்வியுற்ற ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். அப்போதனையில் அடைபடுவது நோய் கண்ட ஊர் மட்டுமே. ஆனால் அவ்வூருக்குள் நோயுற்றவர், நோயற்றவர் என்ற பேதமில்லை. உள்ளிருப்பவர் வெளியிலிருப்பவருக்காகப் பொறுத்துக்கொள்கிறார்.

அவ்வாறு பொறுத்தவருக்கு மற்றவர் செய்ய வேண்டியது என்ன? நமது கேள்வி இதுதான். எல்லாரும் அடைத்தபோது, 2020 ஏப்ரல், மே மாதங்களில், உள்ளூர் ஊழியர் சம்பளத்தின் முதல் 4,600 வெள்ளியில் நூற்றுக்கு 75 வீதம் அரசாங்கம் கொடுத்துதவியது. சுமை பொதுவானதால் உதவியும் பொதுவாயிற்று. ஒரு கடை மட்டும் மூடப்படும்போதோ நஷ்டமும் அவருக்கே, அவப்பெயரும் அவருக்கே. அவருடைய வாடிக்கைக்காரர்களோ திறந்திருக்கும் நம் கடைக்கு வந்துவிடுகிறார்கள்! அந்த இலாபத்தை நம் சாமர்த்தியத்தின் பலன் என்று கொள்ளலாமா?

எத்தனை கடைகளை மூடுவது என்பதை நோயின் போக்கறிந்த வைத்தியர்கள் கூறட்டும். மூடியவரின் சுமையில் பங்கேற்பது நமது கடமை. அவர் தரவேண்டிய பாக்கிக்குத் தவணை கொடுப்போம்; கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் தருமாறு திருக்குர்ஆனும் பணிக்கிறதன்றோ? அவரைப்பற்றி அவதூறு பேசாதிருப்போம். அவர் கடை திறக்கும் நாளில் முதல் ஆளாகச் சென்று சரக்கு வாங்குவோம்.

வல்ல அல்லாஹ் நமது வியாபாரத்தில் பரக்கத்தும், உள்ளத்தில் நீதியும் அருள்வானாக! ஆமீன்.