சர்வகலாசாலையில் தம்மம்



சென்ற வைசாகப் பௌர்ணமியன்று நம் சங்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. சர்வகலாசாலையில் பாலியும் பௌத்தமும் பாடமாகப் பயிலும் நம் இளைஞர் ஒருவர் எழுந்து, “பகவான் பரிநிப்பானம் எய்தியது கி.மு. 544 என்பது நம் மரபு. ஆராய்ச்சியாளர் பலர் கி.மு. 483 என்கின்றனர், கி.மு. 400-ஐ ஒட்டி என்பாரும் உளர்” என்றார். பெரியோர் வெகுண்டனர். அவருடைய தாயார் கண் கலங்கி, “படிப்பு என் பிள்ளையைக் கெடுத்துவிட்டதே, ஐயா!” என்று நம்மிடம் முறையிட்டார். நமக்கும் சினம் மூண்டது. 1956-இல் 2500-ஆம் ஆண்டு விழா எடுத்தவர்களெல்லாம் கணக்கறியாதவர்களா என்று உரத்தே கேட்டுவிட்டோம்.

இரவில் உறக்கம் வரவில்லை. ஆண்டு மாறினால் துக்கம் இல்லையென்று ஆகிவிடுமா? அதற்குக் காரணமான வேட்கைதான் மறைந்துவிடுமா? மரபென்பதற்காகவோ, ஏட்டில் உள்ளதென்பதற்காகவோ ஒன்றை ஏற்க வேண்டாமென்று காலாமருக்கு உபதேசித்தவரின் மாணாக்கர் அல்லவா நாம்! பாபாசாகேப் அம்பேத்கரும் 1935-இல் மதம் மாறுவதாக அறிவித்து, 21 ஆண்டுகள் ஆராய்ந்த பின்னரே 1956-இல் நாகபுரியில் திரிசரணம் ஏற்றார்.

கோவாவில் பிறந்த தர்மானந்த கோசாம்பியை நினைத்துப் பாருங்கள். பௌத்தத்தை அறியும் தாகத்தால் இல்லம் நீங்கி, இலங்கை சென்று, 1902-இல் சீவரம் தரித்தார். பிற்பாடு கல்கத்தாவிலும் புனேயிலும் பாலி கற்பித்தார். அமெரிக்காவில் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் விசுத்திமக்கத்தைப் பிழைநீக்கிப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டார். அவரே பம்பாய்ப் பரேலில் ஆலைத் தொழிலாளர் நடுவே பகுஜன விகாரத்தையும் நிறுவினார். ஆலைச் சங்கொலியில் ஆயுளைக் கழித்த நமக்கு இச்செய்தி தனியே இனிக்கிறது.

இளைஞரிடமும் ஒன்று கூறினோம். பஞ்சசீலத்தை விளக்குக என்று வினாத்தாள் கேட்கும். கள்ளுண்பவனும் எழுதி முதல் வகுப்பில் தேறலாம். பாம்பை வாலில் பற்றியவனைப் பற்றி மஜ்ஜிம நிகாயத்தில் பகவான் எச்சரித்தது, தம்மத்தை வாதுக்கென்றே கற்பவரை எண்ணித்தான். அவர் சற்று நேரம் மௌனமாயிருந்து, “அந்தச் சுத்தத்தை இவ்வாண்டு வகுப்பில் படித்தோம், ஐயா” என்றார்.

இப்போது ஞாயிறுதோறும் மாலையில் அவர் நமக்குப் பாலி கற்பிக்கிறார். ‘கச்சாமி’யின் முதலெழுத்தை நாம் இத்தனை காலம் வன்மையாக ஒலித்தது பிழையாம். ‘அடைகிறேன்’ என்று மேடைதோறும் பொருள் சொல்லி வந்தோம். அச்சொல்லின் நேர்ப்பொருள் ‘செல்கிறேன்’ என்பதாம். அவருடைய தாயாரும் ஸ்லேட்டுடன் முன்வரிசையில் அமர்கிறார்.