வடத்தின் பாரம்

கீரப்பாளையத்திலிருந்து ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் சென்று தேர்வடம் பிடித்தவர்களுக்கு அதன் பாரம் தெரியும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் நகராது. தேர் கோணினால், முட்டுக்கட்டை போட்டவர் யார் என்று வீதியே சொல்லும்.

2014 பிப்ரவரியில், ஒரே கணினியில் ஓடிய 'போகிமான் ரெட்' விளையாட்டை ட்விட்ச் நேரலை வழியாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து ஆடினார்கள். ஒருவர் 'இடம்' என்று தட்டுவார். மற்றவர் 'வலம்' என்று தட்டுவார். அந்தக் குழப்பத்தில், பாடுபட்டுச் சேர்த்த பிராணிகள் பல கைவிட்டுப் போயின. ஆயினும் 16 நாளில் வென்றார்கள்.

வென்றது யார்? 'நாம்' என்போம். இழந்தது யாரால்? 'கூட்டத்தால்' என்போம். விரல்நுனிக்கு வடத்தின் பாரம் தெரிவதில்லை அல்லவா!

கூட்டத்தில் கலப்பது குற்றமன்று. ஆனால் வெற்றியில் பங்கு கேட்பவன் பிழையிலும் தன் பங்கைக் கணக்கில் வைக்க வேண்டும். பத்து லட்சத்தில் ஒரு பங்கும் பங்குதான் என்பேன் நான்.